எட்டடி மனிதனும் பட்டாணிச் சுரப்பியும்

குழந்தைகளே, உங்கள் வீட்டு வாசல் நிலை எத்தனை அடி உயரம் என்று அளந்து பார்த்ததுண்டா? அம்பத்தூரோ, ஆவடியோ, பூந்தமல்லியோ, பெரும்பாலான வீடுகளில் அது ஏழடிதான் இருக்கும். நம் அப்பா, மாமா, தாத்தா எல்லாரும் தலை குனியாமல் உள்ளே நுழைந்துவிடலாம். இன்று நாம் தெரிந்துகொள்ளப் போகிறவர் அப்படி நுழைய முடியாது. நிமிர்ந்து நின்றால் அவருடைய நெற்றி நிலைக்கு மேலே போய்விடும். அவர் உயரம் 7 அடி 7 அங்குலம்!

அவர் பெயர் சார்லஸ் பைர்ன். அயர்லாந்து நாட்டின் வடபகுதியில், டெர்ரி, டைரோன் என்ற இரண்டு மாவட்டங்களின் எல்லையில் லிட்டில்பிரிட்ஜ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே 1761-ஆம் ஆண்டு பிறந்தார். அப்பாவும் அம்மாவும் சாதாரண உயரம் உள்ளவர்கள்தான். மகன் மட்டும் தென்னங்கன்று போல வளர்ந்துகொண்டே போனான். ஊர்க்காரர்களுக்கு ஒரே அதிசயம். இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அதே வட்டாரத்தில் நைப் என்ற குடும்பத்தில் பிறந்த சகோதரர்கள் இருவரும் இப்படியே நெடுநெடுவென்று வளர்ந்தார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் எப்படி இத்தனை நெட்டையர்கள்? அந்தக் காலத்தில் யாருக்கும் விடை தெரியவில்லை. இந்தக் கேள்வியை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பக்கத்து ஊரில் ஜோ வான்ஸ் என்று ஒருவர் இருந்தார். பைர்னைப் பார்த்ததும் அவர் மனசில் ஒரு கணக்கு ஓடியது. இந்தப் பையனை ஊர் ஊராகக் கூட்டிப்போய்க் காட்டினால் காசு கொட்டுமே! அவர் யோசனைப்படி பைர்ன் கிளம்பினார். அயர்லாந்துச் சந்தைகளில் ஆரம்பித்து, கடலைத் தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போனார்கள். எடின்பரோ நகரில் ஒரு நாள் இரவு தெருவிளக்கின் சுடரில் பைர்ன் தன் சுங்கானைப் பற்றவைத்துக்கொண்டாராம். அதற்காக அவர் ஏணி வைக்கவில்லை, குதிகாலைக்கூட உயர்த்தவில்லை. காவலுக்கு நின்றவர்கள் மிரண்டு போனார்கள் என்று இன்றும் கதை சொல்கிறார்கள். (அவரைப் பார்த்துப் புகை பிடிக்க மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள்!)

1782-ல் லண்டனுக்கு வந்தபோது பைர்னுக்கு 21 வயது. நம் பக்கத்தில் ஹைதர் அலி ஆங்கிலேயரோடு போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் ஹைதர் அலி இறந்தார்.

லண்டன் பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது. எட்டடி இரண்டங்குல மனிதர் வந்திருக்கிறார், வந்து பாருங்கள் என்று! விளம்பரம் என்றால் கொஞ்சம் கூட்டித்தானே சொல்வார்கள்? உண்மை உயரத்தில் ஏழு அங்குலத்தைச் சேர்த்துவிட்டார்கள். ஞாயிறு தவிர மற்ற ஆறு நாட்களும் காலை 11 மணி முதல் 3 மணி வரை, மறுபடி மாலை 5 மணி முதல் 8 மணி வரை அவர் ஓர் அறையில் நிற்பார். ஒரு ஆளுக்குக் கட்டணம் இரண்டரை ஷில்லிங். ஒரு கூலித் தொழிலாளி நாள் முழுதும் உழைத்தாலும் அவ்வளவு கிடைக்காது. ஆனாலும் கூட்டம் அலைமோதியது. பிரபுக்கள், சீமாட்டிகள், அறிஞர்கள் என்று எல்லாரும் வந்தார்கள். அவரை மனதில் வைத்து அந்தக் கோடையில் ஒரு நாடகம்கூட மேடையேறியது.

பார்த்தவர்களுக்கெல்லாம் வேடிக்கை. நிற்பவருக்கு? நாள்தோறும் ஏழு மணி நேரம் அந்நியர்கள் நம்மை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அது போதாதென்று உடம்பும் அவருக்கு எதிராக இருந்தது. இப்படி அளவு மீறி வளர்கிறவர்களுக்குத் தலைவலி வரும், மூட்டு வலிக்கும், சீக்கிரம் களைத்துப் போவார்கள். இது நமக்கு இன்று தெரியும். அன்றைக்கு அது ஒரு நோய் என்றே யாருக்கும் தெரியாது. பைர்ன் குடிக்க ஆரம்பித்தார். நாளடைவில் கூட்டமும் குறைந்தது.

1783 ஏப்ரலில் பேரிடி விழுந்தது. சேர்த்த பணத்தையெல்லாம் காகித நோட்டாக மாற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார் பைர்ன். ஒரு மதுக்கடையில் இருந்தபோது யாரோ அதைத் திருடிவிட்டார்கள். சுமார் 700 பவுண்டு! ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். அப்படியானால் எத்தனை பேர் கொடுத்த கட்டணம் அது? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,600 பேர்! அத்தனை பேர் முன்னால் நின்று சம்பாதித்ததை ஒரே இரவில் இழந்தார்.

அவரைத் துரத்திய இன்னொரு பயமும் உண்டு. அந்தப் பயத்துக்கு ஒரு பெயர் இருந்தது: ஜான் ஹண்டர்.

ஹண்டர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த அறுவை மருத்துவர்களில் ஒருவர் அவர். அம்மை குத்தும் முறையைக் கண்டுபிடித்த எட்வர்டு ஜென்னரைப் பாடத்தில் படித்திருப்பீர்களே, அந்த ஜென்னருக்கே ஆசிரியர். உடலின் உள்ளே என்ன இருக்கிறது என்று நேரில் அறுத்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்பார். விலங்குகளும் மனிதர்களுமாக ஆயிரக்கணக்கான உடல் பாகங்களைச் சேர்த்து ஒரு பெரிய காட்சிசாலையே வைத்திருந்தார். அதில் ஒரு நெட்டை மனிதரின் எலும்புக்கூடும் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை. பைர்ன் தங்கியிருந்த இடத்தை நோட்டம் பார்க்க ஓர் ஆளையே வைத்திருந்தாராம்!

அந்த நாளில் இங்கிலாந்தில் யாருடைய உடலை மருத்துவர்கள் சட்டப்படி அறுத்துப் பார்க்கலாம் தெரியுமா? கொலை செய்து தூக்கில் இடப்பட்டவர்களின் உடலை மட்டும்தான். அதாவது, உடலை அறுப்பது ஒரு தண்டனையாகவே கருதப்பட்டது. எந்தக் குற்றமும் செய்யாத பைர்ன் நடுங்கியதில் ஆச்சரியம் என்ன? தான் இறந்தால் உடலை ஈயப் பெட்டியில் வைத்து நடுக்கடலில் இறக்கிவிட வேண்டும், எந்த மருத்துவர் கையிலும் கொடுத்துவிடக் கூடாது என்று நண்பர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்.

1783 ஜூன் 1-ஆம் தேதி பைர்ன் இறந்தார். வயது 22.

செய்தி பரவியதும் மருத்துவர்கள் அந்த வீட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். நண்பர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் புறப்பட்டார்கள். பெரிய சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு மார்கேட் என்ற கடற்கரை ஊருக்குப் போய், படகில் ஏற்றிக் கடலில் இறக்கினார்கள். பாவம், பெட்டிக்குள் பைர்ன் இல்லை! வழியிலேயே உடலை எடுத்துவிட்டுக் கனமான பொருள்களைப் போட்டு மூடியிருந்தார்கள். அதற்காக ஹண்டர் கொடுத்த லஞ்சம் 500 பவுண்டு என்று பேச்சு.

விஷயம் வெளியே தெரிந்தால் வம்பு என்று ஹண்டர் அவசர அவசரமாக எலும்புகளைப் பிரித்தெடுத்தார். நான்கு ஆண்டுகள் போல யாருக்கும் காட்டாமல் ஒளித்தே வைத்திருந்தார். 1786-ல் ஜோஷுவா ரெனால்ட்ஸ் என்ற புகழ்பெற்ற ஓவியர் ஹண்டரை வரைந்தார். அந்தப் படத்தின் மேல் ஓரத்தில், தொங்கும் இரண்டு பெரிய பாத எலும்புகள் தெரிகின்றன. அவை பைர்னுடையவை. ஒளித்து வைத்தவரே இப்படிக் காட்டிக்கொண்டார்! 1793-ல் ஹண்டர் இறந்த பிறகு அவருடைய சேகரிப்பை அரசு விலைக்கு வாங்கி, லண்டன் அறுவை மருத்துவர் கழகத்திடம் ஒப்படைத்தது. ஒரு கண்ணாடிப் பேழைக்குள் பைர்ன் மறுபடியும் நிற்கத் தொடங்கினார். இந்த முறை ஞாயிற்றுக்கிழமை லீவுகூட அவர் கேட்க முடியாது.

அவர் ஏன் அப்படி வளர்ந்தார் என்ற கேள்விக்கு முதல் விடை 1909-ல் கிடைத்தது. அமெரிக்காவிலிருந்து வந்த மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங்கும், காட்சிசாலைப் பொறுப்பாளர் ஆர்தர் கீத்தும் பைர்னின் மண்டை ஓட்டைத் திறந்து பார்த்தார்கள். நம் மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால், எலும்பில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. அந்தக் குழியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கும். அதுதான் பிட்யூட்டரி. பைர்னுக்கு அந்தக் குழி இயல்பைவிட மிகவும் பெரிதாக இருந்தது. அவருடைய பிட்யூட்டரியில் ஒரு கட்டி வளர்ந்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி!

பிட்யூட்டரி பலவிதமான ஹார்மோன்களைச் சுரக்கிறது. ஹார்மோன் என்பது ரத்தத்தில் கலந்து போய், உடலின் வேறொரு பகுதிக்குக் கட்டளை கொடுக்கும் ரசாயனப் பொருள். பிட்யூட்டரி அனுப்பும் அத்தகைய கட்டளைகளில் ஒன்றுதான் வளர்ச்சி ஹார்மோன். எலும்புகள் நீளட்டும் என்று சொல்வது அதுதான். வளர்கிற வயது முடிந்ததும் எலும்பு முனைகள் மூடிக்கொள்ளும். அதன்பின் எலும்பு நீளாது. பைர்னுக்கோ 22 வயதிலும் அவை முழுதாக மூடவில்லை. உயிரோடு இருந்திருந்தால் இன்னும் வளர்ந்திருப்பார்.

சரி, அந்தக் கட்டி ஏன் வந்தது? இங்கேதான் நாம் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். வாருங்கள், அம்பத்தூர் தொழிற்பேட்டையை நினைத்துக்கொள்வோம். அங்கே எத்தனையோ பட்டறைகள். எல்லாப் பட்டறைகளிலும் ஒரே தடிமனான புத்தகத்தைக் கொடுத்துவைத்திருக்கிறார்கள் என்று கற்பனை செய்யுங்கள். ஸ்க்ரூ செய்வது எப்படி, சைக்கிள் செய்வது எப்படி, ஆவடியில் செய்கிறார்களே அந்த டாங்கியைச் செய்வது எப்படி என்று எல்லாமே அதில் இருக்கிறது. ஆனால் ஸ்க்ரூ பட்டறையில் ஸ்க்ரூ பக்கம் மட்டும்தான் திறக்கப்படும். டாங்கிப் பக்கத்தை யாரும் தொடமாட்டார்கள்.

நம் உடலும் அப்படித்தான். ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்ற அதே புத்தகம் இருக்கிறது. அதன் ஒவ்வொரு பாடமும் ஒரு மரபணு. வளர்ச்சி ஹார்மோன் பாடம் உங்கள் விரல் நுனியிலும் இருக்கிறது, காதிலும் இருக்கிறது. ஆனால் அதைத் திறந்து வாசிப்பது பிட்யூட்டரி செல்கள்தான். எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று முடிவு செய்யச் சில புரதங்கள் இருக்கின்றன. அவை டி.என்.ஏ.வில் சரியான இடத்தைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, இந்தப் பாடத்தைப் படியெடுங்கள் என்று ஏற்பாடு செய்கின்றன. விஞ்ஞானிகள் இவற்றைப் படியெடுப்புக் காரணிகள் என்கிறார்கள். நாம் பக்கம் திறப்பவர்கள் என்று வைத்துக்கொள்ளலாமே!

பிட்யூட்டரியில் இருக்கும் முக்கியமான பக்கம் திறப்பவரின் பெயர் பிட்-1. வளர்ச்சி ஹார்மோன் உட்பட மூன்று ஹார்மோன்களின் பாடங்களை இவர்தான் திறக்கிறார். இவரிடமே பிழை வந்தால்? ஜார்ஜ் ஸ்னெல் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1929-ல் ஒரு குள்ள எலிக் குடும்பத்தைப் பற்றி எழுதினார். அந்த எலிகள் சரியாக வளரவே இல்லை. காரணம் புரிய 61 ஆண்டுகள் ஆயின. 1990-ல்தான் அவற்றின் பிட்-1 மரபணுவில் பிழை இருப்பது தெரிந்தது. இரண்டே ஆண்டில், 1992-ல், மனிதர்களிலும் இதே மரபணுவில் பிழை உள்ளவர்களைக் கண்டுபிடித்தார்கள். பக்கம் திறக்கவில்லை, ஹார்மோன் இல்லை, குழந்தை உயரவில்லை. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு இப்போது வளர்ச்சி ஹார்மோனை ஊசியாகவே போடுகிறார்கள்.

பைர்ன் கதை இதற்கு நேர் எதிர். அங்கே ஹார்மோன் குறையவில்லை, பெருக்கெடுத்தது.

2006-ல் பின்லாந்து விஞ்ஞானிகள் ஏ.ஐ.பி. என்ற மரபணுவில் பிழை இருந்தால் பிட்யூட்டரியில் கட்டி வரலாம் என்று கண்டுபிடித்தார்கள். ஏ.ஐ.பி. புரதம் தானே பக்கம் திறப்பதில்லை. பக்கம் திறப்பவர் ஒருவரைக் கையைப் பிடித்து வைத்திருக்கும் உதவியாளர் அது. அதோடு பிட்யூட்டரி செல்கள் இஷ்டத்துக்குப் பெருகாமல் தடுத்து வைக்கும் காவல் வேலையும் அதற்கு உண்டு. காவல் போனால் செல்கள் பெருகும், கட்டியாகும், வளர்ச்சி ஹார்மோனைக் கொட்டித் தள்ளும்.

லண்டன் மருத்துவ ஆராய்ச்சியாளர் மார்த்தா கோர்போனிட்ஸுக்கு ஒரு சந்தேகம். வட அயர்லாந்திலிருந்து வந்த சில குடும்பங்களில் ஒரே மாதிரியான ஏ.ஐ.பி. பிழையைப் பார்த்திருந்தார். பைர்னும் அந்தப் பக்கத்துக்காரர்தானே? பைர்னின் இரண்டு கடைவாய்ப் பற்களிலிருந்து டி.என்.ஏ.வை எடுத்தார்கள். இறந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன ஒருவரின் பல்! 2011 ஜனவரியில் முடிவு வெளியானது. அதே பிழை பைர்னிடமும் இருந்தது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. ஏ.ஐ.பி. புரதம் 330 மணிகள் கோத்த மாலை என்று வையுங்கள். இந்த ஓர் எழுத்து மாறியதால் 304-வது மணி வர வேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி விழுந்து, மாலை பாதியில் நின்றுவிட்டது. (பாதி என்ன, முக்கால்வாசிக்கும் மேல் வந்துவிட்டதே என்கிறீர்களா? சபாஷ்! ஆனால் கடைசித் துண்டு இல்லாவிட்டால் அந்த மாலை வேலைக்கு ஆகாது.)

பைர்னும் இன்றைய நான்கு குடும்பங்களும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்தவர்கள், அந்த மூதாதையர் சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்திருக்கலாம் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. அதன்பின் வட அயர்லாந்தில் பைர்ன் பிறந்த பகுதியில் பலரைச் சோதித்தபோது, 150 பேரில் ஒருவருக்கு இந்தப் பிழை இருப்பது தெரிந்தது. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன கேள்விக்கு விடை கிடைத்ததா? இந்தப் பிழை உள்ள எல்லாருக்கும் கட்டி வருவதில்லை. பலர் சாதாரண உயரத்திலேயே வாழ்ந்து முடிக்கிறார்கள். அதனால்தான் இத்தனை தலைமுறை அது யார் கண்ணிலும் படாமல் வந்திருக்கிறது. பைர்னின் பெற்றோர் ஏன் நெட்டையாக இல்லை என்பதும் இதனால் புரிகிறது.

இன்று அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை போதும். பிழை இருந்தால் ஆண்டுதோறும் கவனித்து, கட்டி சிறியதாக இருக்கும்போதே மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரி செய்கிறார்கள். மூக்கு வழியாகவே உள்ளே போய்க் கட்டியை எடுத்துவிடலாம்! அந்த வழியைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவர், பைர்னின் மண்டையைத் திறந்து பார்த்த அதே குஷிங். அவரிடம் பயிற்சி பெற்றவர் வைல்டர் பென்ஃபீல்டு. பென்ஃபீல்டிடம் படித்த ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டே டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் தொடங்கினார். பூந்தமல்லிக் குழந்தைகளே, அந்த மருத்துவமனை உங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய நெடுஞ்சாலையின் மறுமுனையில்தான் இருக்கிறது.

பைர்னின் எலும்புகள் இல்லாவிட்டால் இதில் சில விஷயங்கள் தெரியாமலே போயிருக்கும். அதை மறுக்க முடியாது. ஆனால் அவர் கேட்டது என்ன? கடல். அவ்வளவுதானே? 2011-லேயே சட்டம், மருத்துவ அறம் படித்த இருவர், வேண்டிய டி.என்.ஏ. கிடைத்துவிட்டது, இனியாவது அவரைக் கடலில் அடக்கம் செய்யுங்கள் என்று ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு பலரும் அதையே கேட்டார்கள். எதிர்காலத்தில் ஆராய்ச்சிக்குத் தேவைப்படலாம் என்பது காட்சிசாலையின் பதில். கேட்டால் நியாயம் போலத்தான் இருக்கிறது. இருந்தாலும், வேண்டாம் என்று ஒருவர் அவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு, நல்ல காரியம் என்பதற்காக மட்டும் அதைத் தட்டிவிடலாமா? எனக்கு மனசு ஒப்பவில்லை. உங்கள் வகுப்பில் இதை வைத்து ஒரு பட்டிமன்றமே நடத்தலாம்.

2017-ல் புதுப்பிக்கும் வேலைக்காக ஹண்டேரியன் காட்சிசாலை மூடப்பட்டது. 2023 ஜனவரியில் நிர்வாகம் ஓர் அறிவிப்பு செய்தது. பைர்னின் எலும்புக்கூட்டை இனிப் பொதுமக்களுக்குக் காட்டப் போவதில்லை, ஆனால் உண்மையான ஆராய்ச்சிக்காக வைத்திருப்போம் என்று. அந்த ஆண்டு மே மாதம் காட்சிசாலை மறுபடி திறந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றுகொண்டிருந்தவர் இப்போது பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கிறார். கடலுக்கு இன்னும் போகவில்லை. ரெனால்ட்ஸ் வரைந்த ஹண்டரின் படத்தில் மட்டும், மேல் ஓரத்தில் அந்த இரண்டு பாதங்கள் தெரிகின்றன.